ரோசின்: பெயரும் பயனும்

வயலின் வாசிப்பவரைக் கேட்டால், வில்லில் தேய்க்கும் கட்டி என்பார். மின்னணுத் தொழிற்சாலையில் வேலை செய்பவரைக் கேட்டால், சோல்டரிங் கம்பியின் உள்ளே இருப்பது என்பார். இருவரும் குறிப்பிடுவது ஒரே பொருளைத்தான். அதுவே ரோசின்.

பைன் மரத்தின் பட்டையைக் கீறினால் பிசுபிசுப்பான பால் வடியும். அதைக் காய்ச்சி வடிக்கும்போது டர்பன்டைன் எண்ணெய் ஆவியாகப் பிரிந்துவிடும். எஞ்சி நிற்கும், கண்ணாடி போன்ற பொன்னிறக் கட்டியே ரோசின்.

தமிழில் இதையும் ‘பிசின்’ என்றே எழுதுகிறோம். ஆனால், கருவேலம் பிசின் நீரில் கரையும். ரோசின் நீரில் கரையாது, ஆல்கஹாலில் கரையும். இவ்வகையில் அது குங்கிலியத்துக்கும் சாம்பிராணிக்கும் உறவு. குங்கிலியக்கலய நாயனார் திருக்கடவூர்க் கோயிலில் தூபமிட்ட குங்கிலியமும், பினாங்குக்கு எதிரே கடல் கடந்து சுமத்ராவில் விளையும் சாம்பிராணியும் இவ்வினமே. மரங்கள்தாம் வேறு. மலாய் மொழியில் குங்கிலிய வகையை டாமார் என்றும், சாம்பிராணியைக் கெமென்யான் என்றும் பிரித்து வழங்குவர்.

இனி, பயன்களைக் காண்போம். வில்லில் கட்டப்படும் குதிரை மயிர் வழுவழுப்பானது. ரோசின் தேய்த்த பிறகுதான் அது தந்தியைப் பற்றி இழுக்கிறது, நழுவ விடுகிறது, மீண்டும் பற்றுகிறது. இந்த அதிர்வே நாதமாகிறது. சோல்டரிங்கில், சூடேறிய ரோசினில் உள்ள அமிலம் செம்பின் மேல் படிந்த ஆக்சைடை அகற்றுகிறது. அதன் பின்னரே உருகிய உலோகம் நன்றாக ஒட்டும். காகிதம், வார்னிஷ், அச்சு மை, சோப்பு ஆகியவற்றின் தயாரிப்பிலும் ரோசின் பயன்படுகிறது.

பாயான் லெப்பாசில் 1972ஆம் ஆண்டு தடையற்ற வாணிப மண்டலம் தொடங்கியது முதல் நம் பெண்கள் பலர் அங்கு வேலைக்குச் சென்றுள்ளனர். என் அம்மாவும் ஒரு தொழிற்சாலையில் பல ஆண்டுகள் சோல்டரிங் செய்தவர். மாலையில் அவர் உடையில் வீசும் வாசம் எங்களுக்குச் சாம்பிராணியை நினைவூட்டும். அது எதன் புகை என்று அவருக்கு அங்கே யாரும் சொன்னதில்லை.

மணக்கிறது என்பதால் தீங்கில்லை என்று பொருளல்ல. ரோசின் புகையைத் தொடர்ந்து சுவாசித்தால் ஆஸ்துமா வரலாம். ஒருமுறை ஒவ்வாமை ஏற்பட்டுவிட்டால், பின்னர் சிறிதளவு புகையே மூச்சுத் திணறலுக்குப் போதும்.

ஆகவே, ஆய்வுக்கூடத்தில் சோல்டரிங் செய்யும் நண்பர்களே, புகையுறிஞ்சியை முடுக்கிய பிறகே வேலையைத் தொடங்குங்கள். புகைக்கு நேராக முகத்தைக் குனியாதீர்கள். வீட்டில் அம்மாவோ அக்காளோ இவ்வேலை செய்தால், இதை அவர்களுக்கும் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள்.