கொப்பரையும் கசகசாவும் விமானம் ஏறும்போது

தேனி மாவட்டத்தில் வைகை அணையிலிருந்து கம்பம் வரையுள்ள ஊர்களில், வெளிநாட்டுக்குப் புறப்படுபவரின் பெட்டியில் பாதி தின்பண்டமாகத்தான் இருக்கும். உலர் திராட்சை, போடி ஏலக்காய், முறுக்கு, அதிரசம், சுண்டைக்காய் வற்றல், இட்லிப் பொடி, மாவடு. இவற்றில் பெரும்பாலானவற்றை விமானத்தில் கொண்டுசெல்லத் தடையில்லை. பெரிய சிக்கலில் மாட்டிவிடுபவை கொப்பரையும் கசகசாவும்.

கொப்பரையில் 60 சதவீதத்துக்கும் மேல் எண்ணெய். குவியலாக அடைபட்டுக் கிடந்தால் தானே சூடேறித் தீப்பிடிக்கக்கூடியது என்பதால், சர்வதேச ஆபத்துச் சரக்குப் பட்டியலில் அதற்கு 1363 என்ற ஐ.நா. எண்ணும் 4.2 என்ற வகையும் உண்டு. தோப்புக்காரர் வீட்டில் காய்ந்த தேங்காய் சமையல் பொருள். விமானத்தின் சரக்கறையில் அது எரிபொருள். அதனால் கைப்பையிலும் சரி, ஒப்படைக்கும் பெட்டியிலும் சரி, இந்திய விமான நிறுவனங்கள் கொப்பரையை ஏற்பதில்லை. முழுத் தேங்காய்க்குக் கைப்பையில்தான் தடை. இருமுடியோடு வரும் சபரிமலை பக்தர்களுக்காக அந்தத் தடை 2024 அக்டோபரில் தளர்த்தப்பட்டு, 2025 ஜனவரி 20 வரை சோதனைக்குப் பின் தேங்காய் அனுமதிக்கப்பட்டது. அது அந்தக் காலத்துக்கு மட்டுமான சலுகை. மற்ற பயணிகளுக்குப் பொருந்தாது.

கசகசா இன்னும் கடுமையானது. அபினிச் செடியின் விதை என்பதால் அதில் மார்ஃபின் சுவடு ஒட்டியிருக்கலாம். சிங்கப்பூர், ஐக்கிய அரபு அமீரகம், சவுதி அரேபியா ஆகியவை இதைப் போதைப்பொருள் சட்டத்தின் கண்ணோடு பார்க்கின்றன. குருமாவுக்கென வீட்டில் அரைத்த மசாலாப் பொடியில் கசகசா கலந்திருப்பது பலருக்கு நினைவே வருவதில்லை. அக்கம்பக்கத்தார் ‘அங்கே இருக்கிற பையனிடம் கொடுத்துவிடுங்கள்’ என்று தரும் பொட்டலத்தில் அது இருந்தாலும், பெட்டியின் சீட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே பொறுப்பு. பிரித்துப் பார்க்காத பொட்டலத்தை எந்த உறவுக்காகவும் எடுத்துச் செல்லக் கூடாது.

மற்ற பண்டங்களில் கவனம் வேண்டியது கட்டும் முறையில். பறக்கும் விமானத்தினுள் காற்றழுத்தம் தரையில் இருப்பதில் முக்கால் பங்கு அளவுக்குக் குறையும். ஒப்படைத்த பெட்டிகள் இருக்கும் அறையிலும் அப்படியே. உள்ளே அடைபட்ட காற்று விரிந்து மிக்சர் பாக்கெட் உப்பும், ஊறுகாய் பாட்டிலில் எண்ணெய் கசியும். காற்றை அழுத்தி வெளியேற்றி, இரண்டு உறைகளில் இட்டு, ஒப்படைக்கும் பெட்டியில் வைப்பதே நல்லது. சர்வதேசப் பயணத்தில் நெய், ஊறுகாய் போன்றவை 100 மில்லிக்கு மேற்பட்ட கொள்கலனில் இருந்தால் கைப்பையில் அனுமதியில்லை. அமெரிக்கா செல்லும் விமானங்களில் 350 மில்லிக்கு மேற்பட்ட பொடியும் கைப்பையில் கூடுதல் சோதனைக்கு உள்ளாகும்.

இறங்கும் நாட்டில் உணவை அறிவிப்பது குற்ற ஒப்புதல் அல்ல. பயணியைக் காக்கும் வழி அதுதான். நியூசிலாந்தில் அறிவிக்காத உணவுக்கு 400 டாலர் உடனடி அபராதம். அறிவித்தால், அதிகபட்சம் பொருள் போகும். பச்சைக் கறிவேப்பிலையை அமெரிக்கா ஏற்பதில்லை. எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களை அழிக்கும் நோயைப் பரப்பும் பூச்சி அதில் ஒட்டி வரும். உள்ளடக்கம் அச்சிட்ட, பிரிக்காத பாக்கெட்டை அதிகாரிகள் எளிதில் அடையாளம் காண்பார்கள். காகிதத்தில் மடித்த வற்றலுக்கு அந்த வசதி கிடையாது.

பெட்டி உடைந்தாலோ வராவிட்டாலோ, விமான நிலையத்தை விட்டு வெளியேறும் முன்பே நிறுவனத்தின் முகப்பில் பி.ஐ.ஆர். என்னும் பெட்டிப் புகார்ப் படிவத்தை எழுதிக்கொடுத்து நகல் பெற வேண்டும். சேதத்துக்கு 7 நாளுக்குள்ளும், தாமதத்துக்குப் பெட்டி கையில் கிடைத்த 21 நாளுக்குள்ளும் எழுத்துப்பூர்வமாகப் புகார் தர வேண்டும். உள்நாட்டுப் பயணத்தில் இழப்பீட்டின் உச்சவரம்பு 20,000 ரூபாய். வெளிநாட்டுப் பயணத்துக்கு, 2009இல் இந்தியா இணைந்த மான்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும். அதன் வரம்பு 2024 டிசம்பர் 28 முதல் 1,519 எஸ்.டி.ஆர். (பன்னாட்டு நாணய நிதியத்தின் கணக்கு அலகு), அதாவது ஒன்றரை லட்சம் ரூபாய்க்கும் மேல். பெட்டி மூடும் முன் எடுத்த புகைப்படமும் கடை ரசீதும் அப்போது உதவும்.

நிறுவனம் பதில் தராவிட்டால் மத்திய அரசின் விமானப் பயணிகள் புகார்த் தளமான ஏர்சேவாவிலும், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் முறையிடலாம். அதற்கும் பலனில்லையெனில், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார்தாரர் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்க முடியும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணமும் இல்லை. ஆண்டிபட்டிக்காரரோ கம்பத்துக்காரரோ விமான நிறுவனத்தின் தலைமையகத்தைத் தேடி டெல்லிக்கோ மும்பைக்கோ போக வேண்டியதில்லை, தேனியிலேயே தொடரலாம்.