ஒரே லேப்டாப்பில் விண்டோஸ் + லினக்ஸ்: டூயல் பூட் யாருக்குத் தேவை, எப்படிப் பாதுகாப்பாகச் செய்வது?

'இந்தக் கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதியானதல்ல' என்ற அறிவிப்பைப் பார்த்தவர்கள் நிறைய பேர் இருப்பார்கள். லேப்டாப் நன்றாகத்தான் ஓடுகிறது. கீபோர்டு, திரை எதிலும் குறையில்லை. ஆனால், டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி அதில் இல்லை அல்லது பிராசஸர் கொஞ்சம் பழையது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகளோ 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் பதிவு செய்த தனிநபர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை அப்டேட் உண்டு என மைக்ரோசாஃப்ட் அறிவித்தது.

புது லேப்டாப் வாங்க இப்போது பட்ஜெட் இல்லை. லினக்ஸுக்கு மொத்தமாக மாறவும் தயக்கம். இரண்டுக்கும் நடுவே ஒரு வழி இருக்கிறது. அதுதான் டூயல் பூட்.

டூயல் பூட் என்றால் என்ன?

வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு 'போர்ஷன்' என்றால் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரே கட்டடம், நடுவில் சுவர், இரண்டு குடித்தனம். டூயல் பூட்டும் அப்படித்தான். ஹார்ட் டிஸ்க்கையோ எஸ்.எஸ்.டி.யையோ இரண்டாகப் பிரித்து ஒரு பக்கம் விண்டோஸ், மறுபக்கம் லினக்ஸ் வைக்கிறோம். பவர் பட்டனை அழுத்தியதும் 'கிரப்' என்ற சின்ன மென்பொருள் ஒரு பட்டியலைக் காட்டி, எதற்குள் போக வேண்டும் என்று கேட்கும்.

ஒரு நேரத்தில் ஒன்றுதான் ஓடும். மற்றொன்றுக்குப் போக ரீஸ்டார்ட் செய்ய வேண்டும். ஓடுகிற ஓ.எஸ்.ஸுக்கு மொத்த ரேமும் பிராசஸரும் முழுதாகக் கிடைக்கும் என்பது இதன் பலம்.

இது நமக்குப் புதிதும் அல்ல. 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் பல மாணவர்களுக்குக் கிடைத்த லேப்டாப்புகளில் விண்டோஸுடன், சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது. ஆன் செய்ததும் இரண்டு பெயர் வருமே... அதேதான் இது.

உங்களுக்கு இது தேவையா?

எல்லோருக்கும் தேவையில்லை.

புரோகிராமிங் கற்கிறீர்கள், லினக்ஸ் கட்டளைகளைப் பழக வேண்டும், அவ்வளவுதான் என்றால் விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை இயக்கும் டபிள்யூ.எஸ்.எல். வசதி போதும். சும்மா சுற்றிப் பார்க்க வேண்டுமென்றால் பென் டிரைவில் இருந்தே உபுண்டுவை இயக்கலாம். எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

டேலி, போட்டோஷாப், மைக்ரோசாஃப்ட் ஆபீஸ் போன்றவை லினக்ஸில் நேரடியாக ஓடாது. வேலொரண்ட் விளையாடுபவர்களுக்கும் விண்டோஸ் கட்டாயம். 'இவையும் வேண்டும், தினசரி வேலைக்கு வேகமான, அப்டேட் கிடைக்கிற ஓ.எஸ்.ஸும் வேண்டும்' என்பவர்களுக்குத்தான் டூயல் பூட் சரியான தேர்வு.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: அலுவலக லேப்டாப்பில் இதை முயற்சிக்கவே வேண்டாம். டிஸ்க் என்க்ரிப்ஷன், கண்காணிப்பு மென்பொருள் எல்லாம் நிறுவனத்தின் ஐ.டி. பிரிவின் கையில் இருக்கும். நாம் டிஸ்க்கைப் பிரித்தால் லேப்டாப் முடங்குவதோடு, ஹெச்.ஆரிடமிருந்து மெயிலும் வரலாம்.

கைவைக்கும் முன் நான்கு வேலைகள்

டூயல் பூட்டில் ஃபைல்களை இழப்பவர்கள் பெரும்பாலும் லினக்ஸால் இழப்பதில்லை. இந்த நான்கில் ஒன்றைத் தவிர்த்ததால்தான் இழக்கிறார்கள்.

1. பேக்கப்: போட்டோ, சான்றிதழ், வேலை ஃபைல் எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்க்கிலோ கிளவுடிலோ நகலெடுங்கள். அதே லேப்டாப்பின் டி டிரைவில் போட்டு வைப்பது பேக்கப் ஆகாது. டிஸ்க் முழுவதும் அழிந்தால் டி டிரைவும் சேர்ந்தே போகும்.

2. பிட்லாக்கர் சாவி: புதிய லேப்டாப்புகள் பலவற்றில் நாம் கேட்காமலேயே டிஸ்க் என்க்ரிப்ஷன் ஆன் ஆகியிருக்கும். பூட் அமைப்பை மாற்றினால் விண்டோஸ் சந்தேகப்பட்டு 48 இலக்க ரெகவரி கீயைக் கேட்கும். அது இல்லாவிட்டால் சொந்த ஃபைலையே திறக்க முடியாது. உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் லாக்-இன் செய்து அந்த எண்ணை முதலில் பேப்பரில் எழுதி வையுங்கள். பிறகு செட்டிங்ஸில் என்க்ரிப்ஷனை ஆஃப் செய்து, அது முழுதாக நீங்கும்வரை காத்திருங்கள்.

3. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்: ஷட் டவுன் செய்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை, பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து விண்டோஸ் டிரைவைத் திறந்தால் ஃபைலைப் படிக்க மட்டுமே முடியும், சேமிக்க முடியாமல் போகலாம். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் பகுதிக்குப் போய் இதை ஆஃப் செய்துவிடுங்கள்.

4. இடம் ஒதுக்குதல்: உபுண்டுவுக்குக் குறைந்தது 25 ஜி.பி. வேண்டும். நிம்மதியாகப் பயன்படுத்த 60 முதல் 100 ஜி.பி. வரை ஒதுக்கலாம். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட் திறந்து, சி டிரைவில் 'ஷ்ரிங்க் வால்யூம்' கொடுங்கள். அளவை எம்.பி.யில் கேட்கும். 80 ஜி.பி. என்றால் 81920. கறுப்புப் பட்டையில் 'அன்அலோகேட்டட்' என்று வரும். அதைத் தொடாமல் அப்படியே விட்டுவிடுங்கள். அதுதான் லினக்ஸின் போர்ஷன்.

லேப்டாப்பில் இரண்டாவது எஸ்.எஸ்.டி.க்கு இடம் இருந்தால் இன்னும் நல்லது. லினக்ஸைத் தனி டிஸ்க்கில் போட்டால் விண்டோஸ் டிஸ்க்கைச் சுருக்கவே வேண்டியதில்லை.

இன்ஸ்டால் செய்வது எப்படி?

முதல்முறை பயன்படுத்துபவர்களுக்கு உபுண்டுவின் எல்.டி.எஸ். பதிப்பு அல்லது லினக்ஸ் மின்ட் பொருத்தமாக இருக்கும். எல்.டி.எஸ். என்றால் நீண்டகால ஆதரவு. உதாரணத்துக்கு, 2024 ஏப்ரலில் வந்த உபுண்டு 24.04-க்கு ஐந்து ஆண்டுகள் பாதுகாப்பு அப்டேட் உண்டு. இரண்டுமே இலவசம்.

அதிகாரபூர்வத் தளத்திலிருந்து ஐ.எஸ்.ஓ. ஃபைலை டவுன்லோடு செய்து, ரூஃபஸ் அல்லது பலேனா எட்சர் மூலம் பென் டிரைவில் ஏற்றுங்கள். 8 ஜி.பி. அல்லது அதற்கு மேல் இருக்கட்டும். பென் டிரைவில் ஏற்கெனவே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், கவனம்.

ரீஸ்டார்ட் செய்து பூட் மெனுவைத் திறக்க வேண்டும். டெல், லெனோவோவில் பெரும்பாலும் எஃப்12, ஹெச்.பி.யில் எஃப்9. பென் டிரைவைத் தேர்ந்தெடுத்ததும் உபுண்டு திறக்கும். உடனே இன்ஸ்டால் கொடுத்துவிடாதீர்கள். 'டிரை' என்பதைத் தேர்வு செய்து வைஃபை, சவுண்ட், டச்பேட், கேமரா நான்கும் வேலை செய்கிறதா என்று பாருங்கள். இங்கே சரியாக இருந்தால் இன்ஸ்டால் செய்த பிறகும் பெரும்பாலும் சரியாக இருக்கும்.

அடுத்து வருவதுதான் மிக முக்கியமான திரை. 'விண்டோஸுடன் சேர்த்து இன்ஸ்டால் செய்' என்று ஒரு ஆப்ஷன். 'டிஸ்க்கை அழித்துவிட்டு இன்ஸ்டால் செய்' என்று இன்னொன்று. நமக்கு முதலாவது. அவசரத்தில் இரண்டாவதைக் கொடுத்தால் விண்டோஸும் அதிலுள்ள அத்தனையும் காலி. முதல் ஆப்ஷன் வரவேயில்லை என்றால் அங்கேயே நிறுத்தி, விண்டோஸுக்குத் திரும்புங்கள். பெரும்பாலும் பிட்லாக்கரோ, பயாஸில் உள்ள ஸ்டோரேஜ் அமைப்போ காரணமாக இருக்கும். ஊகத்தில் எதையும் அழுத்த வேண்டாம்.

பிறகு வரும் சின்னச் சின்னத் தலைவலிகள்

நேரம் தப்பாகக் காட்டுகிறதா? லினக்ஸில் இருந்து விண்டோஸுக்கு வந்தால் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் போயிருக்கும். பதற வேண்டாம், பேட்டரி போய்விடவில்லை. லேப்டாப்பின் உள் கடிகாரத்தில் லினக்ஸ் சர்வதேச நேரத்தை எழுதுகிறது. விண்டோஸ் அதையே இந்திய நேரம் என்று நினைத்துக்கொள்கிறது. உள்ளூர் நேரத்தையே பின்பற்றும்படி லினக்ஸில் ஒரு கட்டளை கொடுத்தால் சரியாகிவிடும்.

பட்டியல் வரவில்லையா? விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு சில சமயம் லேப்டாப் நேராக விண்டோஸுக்கே போகும். லினக்ஸ் அழிந்திருக்காது. பயாஸில் பூட் வரிசையில் உபுண்டுவை மேலே கொண்டுவந்தால் போதும். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் பாதுகாப்பு அப்டேட்டால் பல டூயல் பூட் கணினிகளில் லினக்ஸ் திறக்காமல் போனது. பெரிய அப்டேட் வரும் நாட்களில் பேக்கப்பும், உபுண்டு பென் டிரைவும் கைவசம் இருக்கட்டும்.

லினக்ஸ் வேண்டாம் என்று தோன்றினால்? நேராகப் போய் லினக்ஸ் பார்ட்டிஷனை அழித்தால், அடுத்த முறை ஆன் செய்யும்போது கறுப்புத் திரையில் 'கிரப்' மட்டும் நின்றுகொண்டிருக்கும். முதலில் பயாஸில் 'விண்டோஸ் பூட் மேனேஜர்' என்பதை முதலிடத்துக்குக் கொண்டுவாருங்கள். பிறகு பார்ட்டிஷனை நீக்கி, அந்த இடத்தை சி டிரைவுடன் சேர்த்துக்கொள்ளலாம்.

விண்டோஸ் 10-ல் இருப்பவர்கள் கவனிக்க

பக்கத்தில் லினக்ஸ் வந்துவிட்டதால் விண்டோஸ் 10 பாதுகாப்பானதாக மாறிவிடாது. அப்டேட் இல்லாத ஓ.எஸ். அப்படியேதான் இருக்கும். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: டூயல் பூட் செய்துவிட்டு, பழக்கத்தில் நெட் பேங்கிங்கை விண்டோஸிலேயே தொடர்கிறார்கள்.

அதனால், வேலையையும் சேர்த்தே பிரித்துக்கொள்ளுங்கள். மெயில், வங்கி, வருமான வரித் தளம், ஆன்லைன் ஷாப்பிங் எல்லாம் லினக்ஸில். டேலி, போட்டோஷாப் போன்ற வேலை மட்டும் விண்டோஸில், அதுவும் முடிந்தவரை வைஃபையை ஆஃப் செய்துவிட்டு. தமிழில் டைப் செய்ய உபுண்டுவில் தமிழ்99 கீபோர்டைச் சேர்க்க முடியும் என்பதால் அந்தக் கவலையும் வேண்டாம்.

இரண்டு மாதம் கழித்து, எந்தப் பக்கம் அதிகம் திறக்கிறீர்கள் என்று பாருங்கள். விண்டோஸை மாதம் ஒருமுறைகூடத் திறக்கவில்லை என்றால் லினக்ஸோடு மட்டும் இருந்துகொள்ளலாம். லினக்ஸைத் திறக்கவே இல்லை என்றால், புது லேப்டாப்புக்குப் பணம் சேர்க்கத் தொடங்குங்கள்.