தம்பிக்குக் கேட்கும் குரல்கள்

பக்கத்து வீட்டு மாடியில் நாலு பேர் உட்கார்ந்து தன்னைத் திட்டுகிறார்கள் என்று என் மகன் சொல்லும்போது, அங்கே யாருமில்லை என்று வாதாடிப் பயனில்லை. அவன் காதில் அது நிஜமாகவே விழுகிறது. எனக்கும் கேட்கிறது என்று ஒத்து ஊதவும் கூடாது. "எனக்குக் கேக்கல தம்பி. ஆனா நீ பயந்து போயிருக்கேன்னு தெரியுது. நான் இங்கதான் இருக்கேன்." இவ்வளவுதான் சொல்வோம். மனச்சிதைவு நோயுள்ள பிள்ளையை வைத்திருக்கும் குடும்பம் முதலில் பழக வேண்டிய பேச்சு இதுதான் என்பேன்.

பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மகன் இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கும்போது தொடங்கியது. குளிப்பதை விட்டான். செல்போனைத் துணியில் சுற்றி அரிசி டின்னுக்குள் புதைத்தான். டிவியில் செய்தி வாசிக்கிறவர் தன்னைப் பற்றியே பேசுகிறார் என்றான். ஆண்பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் இருபதை ஒட்டிய வயதில்தான் இந்த நோய் தலைகாட்டும். அதனால் காதல் தோல்வி, கெட்ட சகவாசம், செய்வினை என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். "ஒரு கால்கட்டு போட்டா சரியாப் போயிடும்" என்று சொல்லாத உறவினர் இல்லை. இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்க்கையை மருந்தாக அரைத்துக் கொடுக்கச் சொல்லும் அந்த யோசனை எனக்கு இன்றும் ஆத்திரமூட்டுகிறது.

குணசீலம் போக வேண்டும் என்றாள் மனைவி. காவிரிக்கரையில் இருக்கும் அந்தப் பெருமாள் கோயிலில் மனநோயாளிகளை ஒரு மண்டலம், 48 நாள், தங்கவைத்து வேண்டிக்கொள்வது பழைய வழக்கம். போனோம், மாத்திரையும் கூடவே வந்தது. சாமி கும்பிடுவதில் எனக்கு ஆட்சேபமில்லை. மருந்தை நிறுத்துவதற்கும் சங்கிலிக்கும்தான் ஆட்சேபம். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை மனநோயாளிகளைக் கட்டிவைத்திருந்த கொட்டகை தீப்பிடித்து 28 பேர் செத்தார்கள். காலில் சங்கிலி இருந்ததால் ஓட முடியவில்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியை அடியோடு தடை செய்கிறது.

இரண்டு மருந்துகள் கேட்காமல் போன பிறகு குளோசபின் தொடங்கினார்கள். சிலருக்கு அது ரத்தத்தில் வெள்ளையணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும் என்பதால் முதல் 18 வாரம் வாராவாரம் ரத்தப் பரிசோதனை. ராத்திரி எச்சில் ஊறித் தலையணை நனையும். மேலே ஒரு துண்டு விரிக்கிறோம். மலச்சிக்கலை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள், குடலே நின்றுபோகலாம் என்றார் டாக்டர். வாழைத்தண்டும் கீரையும் எங்கள் சமையலில் நிரந்தரமாகிவிட்டன. சிகரெட் பிடிக்கிறவர் திடீரென்று விட்டால் இந்த மருந்தின் அளவு ரத்தத்தில் ஏறிவிடும் என்பதைப் பலர் அறிவதில்லை; டாக்டரிடம் சொல்லிவிட்டுத்தான் நிறுத்த வேண்டும். குரல்கள் போய்விடவில்லை, தூரமாகிவிட்டன என்கிறான்.

"எனக்கு ஒண்ணுமில்லப்பா, நீங்க போட்டுக்குங்க" என்று மாத்திரையை என் பக்கம் தள்ளிய நாட்கள் உண்டு. அது திமிரில்லை. தனக்கு நோய் இருப்பதே புரியாமல் போவது இந்த நோயின் ஒரு பகுதி.

லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர் 1950களில் தொடங்கிய ஆய்வுகளில் ஒன்றைக் கவனித்தார். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவர்களில், எந்நேரமும் குறையும் கோபமும், இல்லையென்றால் அளவுக்கு மீறிப் பொத்திவைத்தலும் உள்ள வீடுகளில் இருந்தவர்களுக்கே நோய் அதிகம் முற்றித் திரும்பியது. வீட்டார் பேச்சால்தான் நோய் வந்தது என்று இதற்கு அர்த்தமில்லை; எந்தத் தாயும் அந்தப் பழியைச் சுமக்க வேண்டாம். வந்த நோய் அடங்கியிருக்க வீட்டின் குரலும் உதவும், அவ்வளவே. அதனால் காலையில் பால் வாங்குவது தம்பியின் வேலை. மறந்தால் அன்றைக்கு வரக்காப்பி. யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

உதவி கேட்க அரசின் டெலி மானஸ் எண் 14416 இருக்கிறது. நோயாளியின் வீட்டாரும் பேசலாம். எங்களை அரிப்பது வேறு கேள்வி: எங்களுக்குப் பிறகு? தனக்காக முடிவெடுக்க உதவ ஒரு பிரதிநிதியை, தெளிவாக இருக்கும்போதே, வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்திட்டு நியமிக்க அந்த மனநலப் பராமரிப்புச் சட்டமே இடம் கொடுக்கிறது. சொன்னேன். யோசித்து, அக்காவின் பெயரை எழுதினான். ஏன் நான் இல்லை என்று கேட்டேன்.

"நீங்க சீக்கிரம் பயந்துடுவீங்கப்பா. அக்கா டாக்டர்கிட்ட கேள்வி கேப்பா."

அவன் சொன்னது சரி. மருந்துச் சீட்டுகளையும் ரத்தப் பரிசோதனை முடிவுகளையும் மகளிடம் ஒப்படைக்கத் தொடங்கியிருக்கிறேன்.