பாலை ஏன் நிறுத்தினீர்கள்?

“கிட்னியில் 4 மில்லிமீட்டர் கல். பால், தயிர், தக்காளி மூன்றையும் நிறுத்திவிட்டேன். சரிதானே?” என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். தக்காளியில், கல்லில் சேரும் ஆக்சலேட் அப்படியொன்றும் அதிகமில்லை, அது போகட்டும். பாலை நிறுத்தியதுதான் வம்பு.

கற்களில் பெரும்பாலானவை கால்சியம் ஆக்சலேட். பெயரில் கால்சியம் இருப்பதால் பழி பாலின் தலையில் விழுந்தது. இத்தாலியில் லோரிஸ் போர்கி குழுவினர், அடிக்கடி கல் வரும் 120 ஆண்களை ஐந்தாண்டு கவனித்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். கால்சியத்தைக் குறைத்துச் சாப்பிட்ட 60 பேரில் 23 பேருக்கு மறுபடி கல் வந்தது. கால்சியத்தில் கைவைக்காமல் உப்பையும் இறைச்சியையும் குறைத்த 60 பேரில் 12 பேருக்குத்தான் வந்தது.

காரணம் ரசமானது. கால்சியமும் ஆக்சலேட்டும் எங்கே சந்தித்தாலும் ஒட்டிக்கொள்ளும். கல்யாணத்தைத் தடுக்க முடியாது, மண்டபத்தை வேண்டுமானால் நாம் பார்க்கலாம். ஆக்சலேட் நிறைந்த பாலக்கீரையோடு தயிரும் உள்ளே போனால் குடலிலேயே தாலி ஏறிவிடும். ஜோடி சேர்ந்தது எளிதில் கரையாது, குடல் சுவரையும் தாண்டாது, மலத்தோடு வெளியேறிவிடும். தயிர் இல்லையென்றால், மாப்பிள்ளை வராத மண்டபத்தில் ஆக்சலேட் காத்திருக்காது. ரத்தத்தில் ஏறிச் சிறுநீரகத்துக்கு வந்துவிடும். அங்கே கால்சியத்துக்குப் பஞ்சமில்லை. சந்துக்குள் திருட்டுக் கல்யாணம் நடந்து, ஜோடி அங்கேயே குடித்தனம் போட, சொந்தபந்தமும் வந்து ஒட்டிக்கொண்டால் கல். எலுமிச்சையில் இருக்கும் சிட்ரேட், மாப்பிள்ளையை முந்திக்கொண்டு இழுத்துப்போகும் முறைப்பெண். அதோடு சேர்ந்த கால்சியம் கரைந்தே கிடக்கும். உப்பு கூடினால் சோடியத்தோடு கால்சியமும் சிறுநீரில் அதிகம் இறங்கும். அதாவது ஊறுகாயும் அப்பளமும் வேன் வைத்து மாப்பிள்ளை வீட்டாரைத் தப்பான மண்டபத்தில் இறக்கிவிடுகின்றன. இதற்கு மேல் போனால் மொய் எழுத வேண்டிவரும்.

ஆகவே தயிரும் மோரும் சாப்பாட்டோடு இருக்கட்டும். கால்சியம் மாத்திரை வேறு கதை, டாக்டரைக் கேட்காமல் வேண்டாம்.

வரலாறு இல்லாமல் கட்டுரை நிறையாது என்பார்கள். லண்டனில் நாட்குறிப்பாளர் சாமுவேல் பெப்பிஸ் 1658-ல் மயக்க மருந்தின்றிக் கல்லை அறுத்தெடுத்துக்கொண்டு பிழைத்தார். ஆண்டுதோறும் அந்த நாளில் விருந்து வைக்க உறுதி பூண்டார். 1980-ல் மியூனிக்கில் அதிர்வலையால் உடலுக்கு வெளியிலிருந்தே கல்லை நொறுக்கினார்கள். இரண்டுமே இருந்த கல்லைத்தான் எடுத்தன, அடுத்த கல்லைத் தடுக்கவில்லை.

‘பத்தே நாளில் கல் கரையும்’ என்று விற்கும் பொடிக்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு: 5 மில்லிமீட்டருக்கும் சிறிய கற்களில் பெரும்பாலானவை தாமாகவே விழுந்துவிடும். பேர் பொடிக்கு. யூரிக் அமிலக் கல்லை மருந்தால் கரைக்கலாம். கால்சியம் ஆக்சலேட்டைக் கரைக்கும் மருந்து இன்றுவரை இல்லை. வாழைத்தண்டுச் சாறு குடித்தால் அந்த அளவுக்குத் தண்ணீராவது சேரும். பீர் கல்லைத் தள்ளும் என்பவர் கல்லுக்காகக் குடிப்பவரல்ல.

தண்ணீர்க் கணக்கைப் போகும் சிறுநீரில் பாருங்கள்: நாளைக்கு இரண்டரை லிட்டர். வெயிலில் வேலை செய்பவருக்கு வியர்வையில் போவதையும் சேர்த்துக் குடிக்க வேண்டும். இதயமோ சிறுநீரகமோ பலவீனமானவர்கள் மட்டும் மருத்துவர் சொன்ன அளவோடு நிறுத்தவும். வலியோடு காய்ச்சலும் வந்தால் எலுமிச்சை பிழிந்துகொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

கேள்வி கேட்ட வாசகர் பழைய டீ வடிகட்டி ஒன்றை இதற்கென்றே ஒதுக்கி, சிறுநீரை வடிகட்டி, விழும் கல்லைப் பிடித்து லேபில் கொடுக்கட்டும். எந்தக் கல் என்று தெரியாமல் பத்தியம் சொல்பவர் மருத்துவரானாலும் மாமியாரானாலும் ஊகித்துத்தான் சொல்கிறார்.