உயிர்த்தாக்கங்களைத் தொடுத்தெழுதும் முறை

காகம் இருக்கப் பனம்பழம் விழுந்தது என்பர். முன்னர் நிகழ்ந்தது யாவும் பின்னர் நிகழ்ந்ததற்குக் காரணமாகாது என்பதே அப்பழமொழியின் கருத்து. கலங்களினுள் அடுத்தடுத்து நிகழும் மூலக்கூற்றுத் தொழில்களைத் தொடுத்தெழுதுவோர்க்கும் இவ்வெச்சரிக்கை வேண்டற்பாலது. 1998 இல் தொடங்கிய ஜீன் ஒன்ரோலொஜி என்னும் கூட்டுமுயற்சி, பரம்பரையலகுகளின் தொழில்களைப் பொதுச் சொற்களாற் குறித்து வந்தது. 2019 இல் அது வெளியிட்ட காரணகாரியத் தொடர்முறையோ, ஒரு தொழில் அடுத்த தொழிலோடு எவ்வாறு இயைகின்றது என்பதையும் குறிக்கின்றது.

இவ்வியைபுகளுள் இரண்டு முதன்மையானவை. முதலாவது பொருள் வழங்கல். தசைக்கலத்திலே எட்சோகைனேசு என்னும் நொதியம் குளுக்கோசைக் குளுக்கோசு-6-பொசுபேற்றாக்குகின்றது. அடுத்த நொதியம் அதனை ஏற்றுப் பிறக்டோசு-6-பொசுபேற்றாக மாற்றுகின்றது. முன்னதன் விளைபொருளே பின்னதன் தொடக்கப்பொருளாம்.

இரண்டாவது ஒழுங்காக்கல். பொசுபோரிலேசுக் கைனேசு என்னும் நொதியம், கிளைக்கோசனைப் பகுக்கும் பொசுபோரிலேசின்மீது பொசுபேற்றை ஏற்றி அதனைத் தூண்டுகின்றது. 1950களில் இதனை ஆராய்ந்த எட்மண்ட் பிசர், எட்வின் கிரெப்சு ஆகிய இருவரும் 1992 இல் நோபெற் பரிசு பெற்றனர். துலாவில் நீரிறைப்பவன் பயிருக்கு நீர் வழங்குகின்றான். மடையைத் திறந்து மூடுபவன் நீரோட்டத்தை ஆளுகின்றான். இருவர் தொழிலும் ஒன்றன்று.

இவ்வேறுபாட்டை மயங்கக் கொள்வதால் வரும் கேடு யாது? எட்சோகைனேசு அடுத்த நொதியத்தை ஆளுகின்றது என எழுதினால், முன்னது தடைப்படப் பின்னதும் செயலிழக்கும் எனக் கணினி முடிவு செய்யும். உண்மை அதுவன்று. கிளைக்கோசன் பகுக்கப்படுவதாலும் குளுக்கோசு-6-பொசுபேற்று உண்டாகும்; அதனை ஏற்று அந்நொதியம் தொழிற்படும். பிழையான இயைபை நம்பி மருந்து தேடுவோர் முயற்சி வீணாகும்.

நேர்த்தொடர்பையும் இடையிட்ட தொடர்பையும் பிரித்தறிதலும் இன்றியமையாதது. புரதக் கைனேசு ஏ, பொசுபோரிலேசுக் கைனேசைத் தூண்டுகின்றது. அது பொசுபோரிலேசைத் தூண்டுகின்றது. ஆதலின், முதலாவதை மூன்றாவதோடு நேரே தொடுத்தல் தவறு. இடையிலுள்ள படி அறியப்படாதவிடத்து, ‘காரணவகையால் முற்பட்டது’ என்னும் பொதுவியைபோடு அமைதலே முறை.

ஒரே பொருள் இரு கடமை ஆற்றுதலும் உண்டு. குளுக்கோசு-6-பொசுபேற்று மிகுமிடத்துத் தன்னை ஆக்கிய எட்சோகைனேசையே அது தடுக்கின்றது. பொருள் வழங்கலை ஓரியைபாகவும் தடுத்தலை வேறோரியைபாகவும் எழுதுதல் வேண்டும்.

எனவே தொடுக்குமுன் மூன்று வினாக்களை எழுப்புக: பொருள் கைமாறுகின்றதா? தொழில் ஆளப்படுகின்றதா? இடையில் வேறொன்று உண்டா? சான்று விடையளிக்கும் அளவிற்கே இயைபு கூறுதல் அறிவியலார் கடன்.