வணிகத்திற்கு ஏற்ற கணிப்பொறி

தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தார் 2004ஆம் ஆண்டில் 'கப்ரூ' என்னும் கணிப்பொறித் தொகுதியை அமைத்தனர். 144 கணிப்பொறிகளைப் பிணைத்து, விநாடிக்கு ஏறத்தாழ ஓர் இலட்சம் கோடி கணக்குகளைச் செய்யும்படி ஆக்கினர்.

வளர்ந்துவரும் வணிக நிலையம் ஒன்று தன் தரவுத்தளத்திற்கு அத்தகைய பொறியை வாங்கலாமா? கூடாது என்பேன். இயற்பியலாருக்கு வேண்டியது ஓயாத பெருக்கல். வணிகருக்கோ பெருக்கல் சொற்பம், தேடலே மிகுதி. இலட்சக்கணக்கான பதிவுகளுள் ஒருவருடைய நிலுவையை மட்டும் எடுத்துத் தர வேண்டும். கணக்கப்பிள்ளை கூட்டலில் சூரராயினும், பேரேடு பரண்மேல் கிடந்தால் என்ன பயன்?

பரண் ஏறும் நேரத்தை அளந்து பார்ப்போம். நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் காந்த வட்டில், வேண்டிய பதிவு படிக்கும் முனையின்கீழ் வந்து சேரச் சராசரி அரைச்சுற்று, அதாவது விநாடியில் 240இல் ஒரு பங்கு, காத்திருக்க வேண்டும். முனை நகரும் நேரத்தையும் கூட்டினால் விநாடிக்கு ஏறத்தாழ நூறு பதிவுகளே கிட்டும். நினைவகத்திலோ அதே விநாடியில் ஏறத்தாழ ஒரு கோடி முறை எடுக்கலாம். திடநிலை வட்டு இடைப்பட்டது. ஆகையால், அன்றாடம் புழங்கும் பதிவுகள் முழுதும் அடங்குமளவு நினைவகம் வாங்குவதே முதற்செலவு. பின்னர் நினைவகத்தைப் பெருக்குவதற்கெனப் பொறியில் சில இடங்கள் காலியாக இருக்கட்டும். செயலிக்கு மிச்சப் பணம் போதும்.

ஆனால் மின்சாரம் நின்றால் நினைவகம் அனைத்தையும் மறந்துவிடும். பணம் செலுத்தியவருக்கு ரசீது தருமுன் அப்பதிவு வட்டில் ஏறியிருக்க வேண்டும். மலிவான திடநிலை வட்டுகள் சில, எழுதி முடிக்குமுன்பே 'எழுதியாயிற்று' என்று சொல்லிவிடும்! (கணக்கப்பிள்ளை இப்படிச் சொன்னால் எந்த முதலாளி பொறுப்பார்?) மின்சாரம் போன பின்னும் எழுதி முடிக்கத் துணைசெய்யும் மின்தேக்கி உள்ளதா என்று கேட்டே வட்டை வாங்க வேண்டும்.