பொன்னியின் செல்வனில் வந்த வால்மீன்

கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ நாவலை நீங்கள் படித்திருப்பீர்கள். படிக்காதவர்கள் திரைப்படமாகவாவது பார்த்திருப்பீர்கள். 1950 முதல் 1954 வரை தொடர்கதையாக வந்த அந்த நாவலில், சோழ நாட்டு வானில் ஒரு தூமகேது தோன்றுகிறது. அரச குலத்துக்குக் கேடு வரப்போகிறது என்று மக்கள் அஞ்சுகிறார்கள். இளவரசர் ஆதித்த கரிகாலர் கொலையுண்ட இரவில் அது மறைந்துவிடுகிறது. கதை என்பது கதைதான். ஆயினும் அந்த வால்மீன் வானியல் விதிகளுக்குக் கட்டுப்பட்டு நடந்துகொள்கிறதா என்று எண்ணிப் பார்த்ததுண்டா?

எனக்கு இக்கேள்வி எழுந்தது ஜவ்வாது மலையிலுள்ள புதூர்நாட்டில். 2024 செப்டம்பர் இறுதியில், சூச்சின்ஷான்-அட்லஸ் என்னும் வால்மீனைக் காண்பதற்காக மாணவர்கள் சிலரை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். விடியற்காலை ஐந்து மணிக்குக் கிழக்கு அடிவானத்தில், வாலை மேல்நோக்கி நீட்டியபடி அது எழுந்தது. அருகில் வந்து நின்ற ஒரு மூதாட்டி, “வாத்தியாரே, அது நல்லதுக்கு வர்றதில்லை. ஆளுற ராசாவுக்கே ஆகாதுன்னா நமக்கு எப்படி ஆகும்?” என்றார். பேரனுக்குப் பெண் பார்க்கப் போவதையே அதனால் தள்ளி வைத்திருந்தாராம். உடனே ஒரு மாணவர், “பொன்னியின் செல்வனிலும் அப்படித்தானே, சார்?” என்று கேட்டார். அவருக்குச் சொன்ன விடையையே இங்கு எழுதுகிறேன்.

வால்மீன் என்பது என்ன?

பெயரில் மீன் இருந்தாலும் அது விண்மீன் அன்று. பனிக்கட்டியும் தூசியும் கலந்த, சில கிலோமீட்டர் அளவுள்ள ஒரு கட்டி. சூரியனை மிக நீண்ட பாதையில் சுற்றி வருகிறது. சூரியனை நெருங்கும்போது பனி ஆவியாகி, தூசியையும் இழுத்துக்கொண்டு வெளிப்படுகிறது. சூரிய ஒளியின் அழுத்தமும், சூரியனிலிருந்து வீசும் மின்துகள் காற்றும் அவற்றைப் பின்னுக்குத் தள்ளுகின்றன. எனவே வால் எப்போதும் சூரியனுக்கு எதிர்த் திசையிலேயே நீளும். அந்தியில் மேற்கே பார்த்தாலும் விடியலில் கிழக்கே பார்த்தாலும், சூரியன் அடிவானத்துக்குக் கீழே இருப்பதால் வால் மேல்நோக்கித் தெரிகிறது. அடுப்புப் புகை காற்றடிக்கும் பக்கம் சாய்வதைப் போன்றதே இது.

கதை தேறும் இடம்

நாவலின் தூமகேது பல நாட்கள் வானில் நிற்கிறது. இது முற்றிலும் சரி. பெரிய வால்மீன்கள் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் கண்ணுக்குத் தெரியும். அந்தக் காலத்தை ஒட்டி ஒரு பெரிய வால்மீன் வந்ததும் உண்மை. 975-ஆம் ஆண்டில் சீன வானியலார் அதனைக் கண்டு குறித்து வைத்துள்ளனர். ஆனால் ஆதித்த கரிகாலர் கொலையுண்டது ஏறத்தாழ 970-ஐ ஒட்டி என்பது வரலாற்றாசிரியர் கணக்கு. கொலைக்குக் காரணமானவர்களைக் குறிப்பிடும் உடையார்குடிக் கல்வெட்டில் வால்மீனைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இன்னொரு வேடிக்கையைக் கேளுங்கள். அதே 975-இல் இங்கிலாந்தின் மன்னர் எட்கர் இறந்தார். அந்நாட்டுப் பழைய வரலாற்றுக் குறிப்பு அவர் மரணத்தையும் வால்மீனையும் சேர்த்தே சொல்கிறது. ஆனால் மன்னர் இறந்தது ஜூலையில். வால்மீன் தெரிந்தது அதற்குப் பிறகு, அறுவடைக் காலத்தில்! முன்னறிவிக்க வந்த தூதன் பிந்தி வருவானா?

கதை தவறும் இடம்

ஒரே இரவில் வால்மீன் மறையுமா? அது நாளுக்கு நாள் மங்கித்தான் மறையும். சூரியனுக்கு மிக அருகே சென்றால் சிதறிப் போவதும் உண்டு. 2013 நவம்பரில் ஐசான் வால்மீன் அவ்வாறே அழிந்தது. அதுவும் சூரியனின் கண்கூசும் ஒளிக்கு நடுவே நிகழ்ந்தது. வேறொரு வகை மறைவும் உண்டு. நாங்கள் கண்ட வால்மீன் அக்டோபர் முதல் வாரத்துக்குப் பின் சூரிய ஒளியில் மூழ்கி, சில நாட்களில் மாலை வானில் மேற்கே மீண்டும் தோன்றியது. கணக்கு அறியாதவர்கள் அதை இரண்டு வால்மீன்கள் என்றே நினைத்திருப்பார்கள்.

“வால் நட்சத்திரம் விழுந்தது” என்றும் சிலர் சொல்வார்கள். அவர்கள் காண்பது எரிநட்சத்திரம். வால்மீன்கள் பாதையில் உதிர்த்துச் சென்ற மணல் அளவுத் துகள்கள் பூமியின் காற்றில் உராய்ந்து நொடிப் பொழுது எரிகின்றன. வால்மீனே விழுந்தால் கதை வேறு. 1994 ஜூலையில் ஷூமேக்கர்-லெவி 9 வால்மீனின் துண்டுகள் வியாழன் மீது மோதியபோது, பூமியளவு பெரிய கருந்தழும்புகள் உண்டாயின!

மன்னருக்குக் கேடா?

இதற்கு விடை சோழர் வரலாற்றிலேயே இருக்கிறது. ஹாலி வால்மீன் ஏறத்தாழ 76 ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. கணக்கைப் பின்னோக்கிப் போட்டால், சோழர் காலத்தில் 912, 989, 1066, 1145 ஆகிய ஆண்டுகளில் அது வந்திருக்கிறது. 912-இல் ஆண்டவர் முதலாம் பராந்தகர். அவர் ஆட்சி 955 வரை நீடித்தது. 989-இல் முதலாம் இராசராசர். அவர் 1014 வரை ஆண்டார், தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியதும் அதற்குப் பின்னரே. 1066-இல் வீரராசேந்திரர், 1145-இல் இரண்டாம் குலோத்துங்கர். நால்வரில் ஒருவர்கூட அந்தந்த ஆண்டில் இறக்கவில்லை.

ஆண்டுகளின் இடைவெளியைக் கவனித்தீர்களா? 77, 77, 79. ஏன் ஒரே சீராக இல்லை? வியாழன், சனி முதலிய பெருங்கோள்கள் தம் ஈர்ப்பினால் வால்மீனைச் சற்றே இழுத்துவிடுகின்றன. அதற்கும் கணக்கு உண்டு. சூரியனருகே விநாடிக்கு 54 கி.மீ. வேகத்தில் விரையும் ஹாலி, நெப்டியூனுக்கு அப்பாலுள்ள மறுகோடியில் விநாடிக்கு ஒரு கி.மீ.கூடச் செல்வதில்லை. இந்த வேகமாற்றமும் கெப்ளர் விதிப்படியே நிகழ்கிறது. வால்மீன் ஈர்ப்பு விசைக்கு அடங்கி நடக்கிறது. அரண்மனைச் செய்தி அதை எட்டுவதில்லை.

கல்கியைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. அக்கால மக்களின் அச்சத்தை அவர் கதைக்குப் பயன்படுத்தினார். அந்த அச்சத்தை இக்காலத்திலும் நாம் சுமக்க வேண்டுமா என்பதே கேள்வி. இதே ஜவ்வாது மலையில், காவலூரில், 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி 1986 முதல் இருக்கிறது. அது வைணு பாப்புவின் பெயரைத் தாங்கியது. அவர் 1949-இல் ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது ஒரு வால்மீனைக் கண்டுபிடித்தார். அதனால் அவருக்கு வந்தது கேடு அன்று, ஒரு பதக்கம்!

இவற்றையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த மூதாட்டி, “இது மறுபடி எப்ப வரும்?” என்றார். “வருமா என்பதே உறுதியில்லை, பாட்டி. வந்தாலும் பல்லாயிரம் ஆண்டுகள் ஆகும்” என்றேன். சற்று யோசித்தார். “அப்ப நல்லது கெட்டதை அது எங்க பாக்கப் போகுது? வர்ற வெள்ளிக்கிழமை நாங்க பொண்ணு பாக்கப் போறோம்” என்று சிரித்தார்.

ஹாலி மீண்டும் வருவது 2061-இல். அப்போது உங்களுக்கு என்ன வயது என்று இப்போதே கணக்கிட்டு வையுங்கள். அன்று உங்கள் பேரக் குழந்தைகளை வெளியே அழைத்து வந்து காட்டுங்கள்.